ஒரு இன்ச்சும் ஒரு இன்ச்சும் சேராதபோது: மீன் குளத்துப் பம்ப்பைப் பைப்போடு இணைக்கும் வழி

பம்ப் பெட்டியில் 1 இன்ச் அவுட்லெட் என்று அச்சடித்திருக்கும். ஹார்டுவேர் கடையிலும் ‘ஒரு இன்ச் எஃப்.டி.ஏ’ (ஒரு பக்கம் உள்மரை, மறுபக்கம் பைப் ஒட்டும் அடாப்டர்) என்று சரியாகத்தான் கேட்டு வாங்கியிருப்பீர்கள். வீட்டுக்கு வந்து திருகினால் இரண்டாவது சுற்றிலேயே இறுகி நிற்கும். இல்லையென்றால் லொடலொடவென்று ஆடிக்கொண்டே அடிவரை போகும். மறுபடி கடைக்குப் போனால் முக்கால் இன்ச் ஒன்றையும் ஒன்றேகால் ஒன்றையும் எடுத்துக் கொடுப்பார்கள். மூன்றாவது நடையில் ஒரு கட்டு டெஃப்லான் டேப்பும் எம்-சீலும் சேர்ந்துகொள்ளும். அதோடு பம்ப்பின் கழுத்தில் விரிசலும் வரும்.

இந்த அலைச்சலுக்குக் காரணம் இரண்டுதான். இன்ச் என்று சொல்லும் எண்ணை அளவு என்று நம்பிவிடுகிறோம். இரண்டு மரைகள் ஒன்றுக்குள் ஒன்று போய்விட்டாலே அவை ஒரே இனம் என்றும் நினைத்துக்கொள்கிறோம். ஐந்து நிமிடம் அளந்துவிட்டுக் கடைக்குப் போனால் ஒரு நடையோடு வேலை முடியும். அதைவிட முக்கியமான ஒன்று: வீட்டு மீன் குளத்தில் போடும் சிறிய சப்மெர்சிபிள் பம்ப்புக்கு மரையோடு மரை சேர்க்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் கிடையாது.

இன்ச் என்பது ஒரு பெயர்

அரை இன்ச் மரையை வெர்னியர் என்ற அளவுக் கருவியில் அளந்தால் 21 மி.மீ. காட்டும். அரை இன்ச் என்பது 12.7 மி.மீ. தானே என்று குழம்ப வேண்டாம். அந்தக் காலத்து இரும்புக் குழாயின் உள்துளை அரை இன்ச் இருந்தது. அந்தக் குழாயின் வெளிப்பக்கத்தில் வெட்டிய மரைக்கு அதே பெயர் ஒட்டிக்கொண்டது. குழாய் மாறி, பிளாஸ்டிக் வந்த பிறகும் பெயர் மட்டும் நிற்கிறது. அதனால் பம்ப்பின் வாயை ஸ்கேலால் அளந்து 33 மி.மீ. இருக்கிறதே, ஒன்றேகால் இன்ச்சாக இருக்கும் என்று முடிவு கட்டினால் தவறு. 33 மி.மீ. வெளிமரைதான் ஒரு இன்ச்.

இந்தியாவில் வீட்டு பிளம்பிங்கில் பெரும்பாலும் நடப்பது பிரிட்டிஷ் வழி பி.எஸ்.பி. மரை. அதிலேயே இரண்டு வகை உண்டு. ஒன்று நுனியில் ஒல்லியாகி அடியில் பருக்கும் சாய்வு மரை. இறுக்க இறுக்க மரையே ஒன்றோடொன்று நெருங்கித் தண்ணீரை அடைக்கும். ஐ.எஸ். 554 என்ற தரக்குறியீடு இதற்குத்தான். இன்னொன்று நுனியும் அடியும் ஒரே பருமனில் இருக்கும் நேர் மரை. இது இறுகப் பிடிக்கும், ஆனால் தண்ணீரை அடைக்காது. அடைக்கும் வேலையை முகப்பில் உட்காரும் ரப்பர் வாஷரோ ஓ-ரிங்கோ பார்க்க வேண்டும். ஐ.எஸ். 2643 இதைப் பற்றியது. சீனாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வரும் குளத்துப் பம்ப்புகளின் கழுத்தில் ‘ஜி’ என்ற எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் பொறித்திருந்தால் அது நேர் மரை. ‘ஆர்’ என்று இருந்தால் சாய்வு.

அமெரிக்கத் தயாரிப்பு என்றால் என்.பி.டி. என்ற வேறு குடும்பம். பி.எஸ்.பி. மரையின் பல் 55 டிகிரி. 1841இல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த கோணம் அது. என்.பி.டி.யின் பல் 60 டிகிரி. அரை இன்ச்சிலும் முக்கால் இன்ச்சிலும் இரண்டுக்கும் இன்ச்சுக்கு 14 பல் என்பதால் ஒன்றுக்குள் ஒன்று நல்ல பிள்ளைபோல் நான்கு சுற்று போகும். கோணம் வேறு என்பதால் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே சுருள் வழியாக ஓர் இடுக்கு இருக்கும். தண்ணீர் அதன் வழியே சுற்றிச் சுற்றி வெளியே வரும். ஒரு இன்ச்சிலிருந்து கதை வேறு. பி.எஸ்.பி.க்கு இன்ச்சுக்கு 11 பல், என்.பி.டி.க்கு பதினொன்றரை. இரண்டு மூன்று சுற்றில் முட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு மேல் ரெஞ்ச் போட்டால் உடையப்போவது பம்ப்தான்.

அமெரிக்கத் தோட்ட ஹோஸ் மரை என்று இன்னொன்றும் உண்டு. பெயர் முக்கால் இன்ச், வெளிவிட்டம் 27 மி.மீ., இன்ச்சுக்கு பதினொன்றரைப் பல். நம்மூர் முக்கால் இன்ச் மரை 26.4 மி.மீ., 14 பல். கையில் பிடித்துப் பார்த்தால் ஒன்று போலவே இருக்கும், ஒரு சுற்றுகூடச் சரியாக ஏறாது. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்த பம்ப், ஃபவுண்டன் செட் இவற்றில் இந்த வம்பைப் பார்க்கலாம்.

அளப்பது

பிளாஸ்டிக் வெர்னியர் காலிப்பர் ஒன்று போதும். வெளிமரை என்றால் பல்லின் உச்சியிலிருந்து எதிர் உச்சி வரை, உள்மரை என்றால் உள்பக்கப் பல் நுனியிலிருந்து எதிர் நுனி வரை. பி.எஸ்.பி. அளவுகள் இவை:

அரை இன்ச்: வெளிமரை 20.96 மி.மீ., உள்மரை 18.6 மி.மீ., இன்ச்சுக்கு 14 பல்
முக்கால் இன்ச்: 26.44, 24.1, 14 பல்
ஒரு இன்ச்: 33.25, 30.3, 11 பல்
ஒன்றேகால் இன்ச்: 41.91, 39.0, 11 பல்
ஒன்றரை இன்ச்: 47.80, 44.8, 11 பல்
இரண்டு இன்ச்: 59.61, 56.7, 11 பல்

அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கில் கால் மி.மீ. முன்னே பின்னே காட்டும். அது பரவாயில்லை. ஒரு மி.மீ.க்கு மேல் தள்ளி நின்றால் வேறு இனமா என்று சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து பல் இடைவெளி. பம்ப்பின் கழுத்தில் ஒரு இன்ச் நீளத்துக்கு மரை இருக்கவே இருக்காது. எண்ணிப் பார்க்க ஐந்தாறு பல்தான் கிடைக்கும். ஒரு துண்டுக் காகிதத்தை மரைமேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். பல் உச்சிகள் கோடு கோடாகப் பதியும். முதல் கோட்டிலிருந்து ஆறாவது கோடு வரை, அதாவது ஐந்து இடைவெளி, அளந்து பாருங்கள். 9.1 மி.மீ. வந்தால் 14 பல். 11.5 மி.மீ. வந்தால் 11 பல், பி.எஸ்.பி. 11.0 வந்தால் பதினொன்றரைப் பல், என்.பி.டி.யாகவோ அமெரிக்க ஹோஸ் மரையாகவோ இருக்கும். வித்தியாசம் அரை மி.மீ.தான் என்பதால் கோட்டைக் கூர்மையான பென்சிலால் குறித்துவிட்டு அளப்பது நல்லது.

வெர்னியர் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி. வீட்டில் கிடக்கும் அதே அளவுப் பழைய பி.எஸ்.பி. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) நிப்பிளை, அதாவது மரை வெட்டிய சிறு குழாயை, பம்ப்பின் வெளிமரையோடு பக்கவாட்டில் பல்லுக்குள் பல் பொருந்தும்படி வைத்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். ஐந்து பல்லும் இடுக்கில்லாமல் உட்கார்ந்தால் பல் இடைவெளி ஒன்றுதான். முதல் பல் உட்கார்ந்து நான்காவது பல் ஏறி நின்றால் வேறு.

சாய்வா நேரா என்பதற்கு நுனிப் பல்லிலும் கடைசிப் பல்லிலும் விட்டத்தை அளந்தால் போதும். சாய்வு மரை 16 மி.மீ. நீளத்துக்கு ஒரு மி.மீ. பருக்கும். இரண்டு இடத்திலும் ஒரே அளவு என்றால் நேர் மரை.

எந்த அட்டவணையிலும் அடங்காத பம்ப்புகளும் வருகின்றன. பல் அகலமாக, வட்டமாக, பாட்டில் மூடியின் மரைபோல இருக்கும். அது அந்தக் கம்பெனி தன் ஹோஸ் நிப்பிளுக்காக (ஹோஸ் மாட்டும் முனை) மட்டும் வார்த்த மரை. அதற்குக் கடையில் ஜோடி தேடி அலைய வேண்டாம், கிடைக்காது. பெட்டியில் வந்த நிப்பிளைத் தொலைத்துவிடாதீர்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு வைத்தியம் இல்லை.

டேப் சுற்றினால் சரியாகிவிடுமா?

சாய்வு மரையில் சரியாகும். நேர் மரையில் ஆகாது. டெஃப்லான் டேப் மரையை வழுக்க வைத்து இன்னும் ஒரு சுற்று இறுக்க உதவும், பல்லுக்கு நடுவிலுள்ள மயிரிழை இடுக்கையும் நிரப்பும். நேர் மரையில் இருக்கும் இடைவெளி மயிரிழை கிடையாது. அதை நிரப்ப இருபது சுற்று டேப் போடுகிறார்கள். உள்ளே போகும்போது டேப் கந்தலாகக் கிழிந்து வெளியே பிதுங்கும், கொஞ்சம் உள்ளே போய் பம்ப்பின் விசிறியில் சிக்கும். பிளாஸ்டிக் உள்மரை இந்தப் பருமனைத் தாங்காமல் நெடுக்காகக் கீறும். விரிசல் அன்றைக்கே தெரியாது. வெயிலும் அதிர்வும் சேர்ந்து ஒரு மாதத்தில் காட்டும்.

சாய்வு வெளிமரைக்கு டேப் போடும்போது மரையின் வாய் உங்களைப் பார்த்தபடி பிடித்து, கடிகார முள் போகும் திசையில் இழுத்துச் சுற்றுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் திருகும்போதே பிரிந்து வரும். முதல் பல்லை வெறுமனே விடுங்கள். கெட்டியான டேப் என்றால் மூன்று நான்கு சுற்று, கடையில் சல்லிசாகக் கிடைக்கும் மெல்லிய ரகம் என்றால் ஐந்தாறு. பிளாஸ்டிக்கில் கையால் இறுகிய இடத்திலிருந்து ஒரு சுற்று, மிஞ்சினால் ஒன்றரை. அதற்கு மேல் வேண்டாம்.

பி.வி.சி. பைப் ஒட்டும் சொல்யூஷனை மரையில் தடவி ஒட்டும் பழக்கமும் இருக்கிறது. குளத்துப் பம்ப்பில் அதைச் செய்யவே கூடாது. மாதம் ஒருமுறை பம்ப்பைக் கழற்றிக் கழுவ வேண்டியிருக்கும். அப்போது அறுத்துத்தான் எடுக்க முடியும். பம்ப் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் என்றால் சொல்யூஷன் அதன் கழுத்தையே இளக்கிவிடும். பெயின்ட், கிரீஸ் தடவுவதும் அப்படித்தான். சில எண்ணெய்ப் பசைகள் ஏ.பி.எஸ்.ஸில் மெல்லிய வெடிப்புகளை உண்டாக்கும், மீனுக்கும் ஆகாது.

பைப் பக்கத்துக் குழப்பம் அதைவிடப் பெரிது

மரை சரியாக அமைந்த பிறகும் மறுபக்கம் பைப் சேராமல் நிற்பதுண்டு. கடையில் ‘ஒரு இன்ச் பைப்’ என்று மூன்று வேறு பைப்புகள் கிடக்கின்றன. விவசாயத்துக்கும் போர்வெல்லுக்கும் போடும் ஐ.எஸ். 4985 பி.வி.சி. பைப்பில் ஒரு இன்ச் என்றால் வெளிவிட்டம் 32 மி.மீ. வீட்டு லைனுக்குப் போடும் ஷெட்யூல் 40, ஷெட்யூல் 80 வெள்ளை யு.பி.வி.சி.யில் 33.4 மி.மீ. சுடுதண்ணீர் லைனுக்கான சி.பி.வி.சி.யில் 28.6 மி.மீ. மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

32 பைப்பை 33.4 கப்லிங்கில் நுழைத்தால் நுழையும். ஒன்றரை மி.மீ. ஆட்டத்தைச் சொல்யூஷன் அடைத்துவிடும் என்று நினைப்பார்கள். காய்ந்ததும் சுருங்கி, பம்ப்பின் அதிர்வில் ஒருநாள் கழன்று தண்ணீர் முழுக்கத் தரையில் ஓடும். குளம் காலியாகி மீன் சாவது பெரும்பாலும் இந்த மாதிரி மூட்டில்தான். எதிர்ப்பக்கம், 33.4 பைப்பை 32 கப்லிங்கில் நுழைக்கக் கப்லிங்கைத் தீயில் காட்டி விரிப்பார்கள். அழுத்தம் குறைவான குளத்து லைனில் அது ஓடத்தான் செய்யும். ஆனாலும் சுவர் மெலிந்த இடம் மெலிந்ததுதான். பைப்பும் ஃபிட்டிங்கும் ஒரே இனமாக, ஒரே கடையில் வாங்கிவிட்டால் இந்தப் பேச்சே வேண்டாம். பைப்பின் முதுகில் ஓடும் அச்சு வரியைப் படித்தால் எந்த இனம் என்று தெரிந்துவிடும்.

இதில் ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. ஹோஸை உள்விட்டத்தால் சொல்வார்கள், ஐ.எஸ். 4985 பைப்பை வெளிவிட்டத்தால் சொல்வார்கள். ஆகவே 32 மி.மீ. ஹோஸ் 32 மி.மீ. பைப்பின்மேல் கச்சிதமாக ஏறும். 25 மி.மீ. ஹோஸ் 25 மி.மீ. பைப்பின்மேல் ஏறும். அந்த 25 மி.மீ. பைப்பைக் கடைக்காரர் முக்கால் இன்ச் என்பார், ஹோஸை ஒரு இன்ச் என்பார். பெயரைக் காதில் வாங்காமல் மி.மீ.யில் கேளுங்கள்.

இணைப்பு: மரை ஒன்று போதும்

குளத்துப் பம்ப் தரும் அழுத்தம் மிகக் குறைவு. பெட்டியில் ‘அதிகபட்ச உயரம் 3 மீட்டர்’ என்று இருந்தால், சதுர செ.மீ.க்கு 0.3 கிலோதான். மாடிமேல் உள்ள தண்ணீர்த் தொட்டி கீழ்க் குழாயில் தருவதைவிடக் குறைவு. ஹோஸும் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கிளிப்பும் இதைச் சுலபமாகத் தாங்கும். எனவே பம்ப்பின் வாயில் ஒரே ஒரு மரை இணைப்பு, அதிலிருந்து அரை மீட்டர் ஹோஸ், அதன்பின் ஒட்டிய பைப். மரைப் பிரச்சினை முழுதும் அந்த ஒரு மூட்டில் அடங்கிவிடும். பம்ப்பின் அதிர்வும் பைப்புக்குப் போகாது.

ஒரு மாதிரிக் கணக்கு: மணிக்கு 5000 லிட்டர், அதிகபட்சம் 3 மீட்டர் என்று போட்ட பம்ப். அவுட்லெட் ஜி 1 வெளிமரை. குளத்து நீர்மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் மேலே ஃபில்டர் டிரம். அந்த உயரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் தண்ணீர் வரும், 3000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். வாங்க வேண்டியவை: 32 மி.மீ. உள்விட்டமுள்ள நைலான் இழை போட்ட ஹோஸ் அரை மீட்டர், 32–50 மி.மீ. வரை பிடிக்கும் எஸ்.எஸ். 304 கிளிப் நான்கு, 32 மி.மீ. பி.வி.சி. பைப் தேவையான நீளம், அதே அளவில் யூனியன் (கழற்றி மாட்டும் மூட்டு) ஒன்று, எல்போ இரண்டு, 3 மி.மீ. தடிப்பில் ஒரு இன்ச் ரப்பர் வாஷர் இரண்டு, சொல்யூஷன் சிறிய டப்பா.

பம்ப்போடு வந்த ஹோஸ் நிப்பிள் இருந்தால் அதையே போடுங்கள். கடைக்குக் கடை அதை ஹோஸ் காலர் என்றும் சொல்வார்கள். பல பம்ப்புகளில் அது படிப்படியாக ஒல்லியாகும் நிப்பிளாக இருக்கும்: அடியில் 32, நடுவில் 25, நுனியில் 20 மி.மீ. 32 ஹோஸை அடிப்படியில் மாட்டிவிட்டு நுனியை அப்படியே விட்டால், தண்ணீர் முழுதும் 20 மி.மீ. துளை வழியாகத்தான் போக வேண்டும். தேவையான படிக்கு மேலே இருப்பதை ஹேக்சாவால் அறுத்துத் தள்ளுங்கள். அறுத்த விளிம்பைக் கத்தியால் சுரண்டி வழவழப்பாக்குங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாததால்தான் பம்ப் வீக் என்று கடையில் திருப்பிக் கொடுக்க வருகிறார்கள்.

நிப்பிள் தொலைந்துவிட்டது, மரை பி.எஸ்.பி. என்று அளந்து உறுதியாயிற்று என்றால் ஒரு இன்ச் எஃப்.டி.ஏ. வாங்கலாம். உள்ளே எட்டிப் பார்த்தால் மரை முடியும் இடத்தில் ஒரு படி தெரியும். அந்தப் படியில் ரப்பர் வாஷரைப் படுக்க வைத்து, பம்ப்பின் வாய் அதில் அழுந்தும்படி திருக வேண்டும். இங்கே கவனிக்க வேண்டிய அளவு ஆழம். எஃப்.டி.ஏ.வின் மரை 20 மி.மீ. ஆழம், பம்ப்பின் மரை 15 மி.மீ. நீளம் என்றால், பம்ப்பின் தோள் முதலில் முட்டிவிடும், வாய் வாஷரைத் தொடவே தொடாது. எவ்வளவு இறுக்கினாலும் கசியும். 5 மி.மீ. குறைகிறது என்றால் 3 மி.மீ. வாஷர் இரண்டு போட்டால் ஒரு மி.மீ. அழுந்தும், அதுவே போதும். வாஷரின் துளை பம்ப்பின் துளையைவிடச் சிறிதாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருகத் தொடங்கும்போது முதலில் எதிர்ப்பக்கம் மெல்லச் சுற்றுங்கள். ஓரிடத்தில் ‘டக்’ என்று இறங்கும். அங்கிருந்து முன்னால் திருகினால் மரை கோணலாக ஏறாது. விரலாலேயே மூன்று சுற்று சுகமாகப் போக வேண்டும். போகவில்லையென்றால் இனம் தவறு, அல்லது கோணல். ரெஞ்சைத் தொடாதீர்கள்.

ஹோஸ் ஏறவில்லையென்றால் நுனியைக் கொதிக்கும் தண்ணீருக்குக் கொஞ்சம் குறைந்த சூட்டில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, இளகியதும் ஒரே தள்ளில் ஏற்றுங்கள். சோப்பு, எண்ணெய் தடவ வேண்டாம். மீன் குளம் இது. கிளிப்பை ஹோஸின் விளிம்பில் போடாமல், நிப்பிளின் வரிகளுக்கு மேலே வரும்படி போடுங்கள். ஒவ்வொரு முனையிலும் இரண்டு கிளிப், திருகுகள் எதிரெதிர்ப் பக்கம். ஜி.ஐ. கிளிப் ஒரே வருஷத்தில் துருப்பிடித்து அறும். கேபிள் டை கட்டி விடுவது வேலைக்காகாது, சூட்டில் ஹோஸ் இளகினால் நழுவிவிடும்.

பைப்பில் யூனியனை நீர்மட்டத்துக்கு மேலே, கை எட்டும் இடத்தில் வையுங்கள். பம்ப்பைக் கழுவ எடுக்கும்போது யூனியனைக் கழற்றினால் போதும், மரையையும் கிளிப்பையும் தொட வேண்டாம். ஒட்டிய மூட்டுகளை ஒரு நாள் காய விட்டு, முதல் தண்ணீரைக் குளத்துக்குள் விடாமல் வெளியே ஓடவிட்ட பிறகு ஃபில்டரோடு இணையுங்கள்.

இனம் மாறிய மரை என்றால்

என்.பி.டி. அவுட்லெட்டுக்கு பி.எஸ்.பி. மாற்றும் அடாப்டர் உண்டு. சாதாரண சானிட்டரி கடையில் இருக்காது. ஹைட்ராலிக் ஃபிட்டிங் விற்கும் கடையில் கேட்க வேண்டும். பம்ப் தொழிலுக்குப் பேர்போன கோயம்புத்தூரிலும், சென்னையில் பாரிமுனைப் பக்கமும் தேடலாம். ஆனால் இதற்காக அலையும் முன் ஒரு கேள்வி: பம்ப் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கிறதா? அப்படியென்றால் அதன் வாயில் கசியும் தண்ணீர் குளத்துக்குள்தானே விழுகிறது! ஒரு சொட்டும் வீணில்லை, ஓட்டத்தில் மிகச் சிறிதளவு குறையும், அவ்வளவுதான். அரை, முக்கால் இன்ச் பம்ப்புகளில் என்.பி.டி.யையும் பி.எஸ்.பி.யையும் டேப் சுற்றி மிதமாக இறுக்கி நீருக்குள் போட்டுவிடலாம். மரை கழன்று வராத அளவுக்குப் பிடித்தால் சரி.

ஒரு இன்ச்சும் அதற்கு மேலும் என்றால் முட்டிக்கொள்ளும் மரையோடு மல்லுக்கட்டாமல், பம்ப்பின் வெளிமரை மேலேயே ஹோஸை ஏற்றிக் கிளிப் போடுங்கள். 33.4 மி.மீ. என்.பி.டி. மரைமேல் 32 மி.மீ. ஹோஸ் வெந்நீர் வைத்தியத்தில் ஏறிவிடும். மரையின் பற்களே ஹோஸைக் கடித்துப் பிடிக்கும். பல் தேய்ந்து சிலிப் ஆகும் பழைய பம்ப்புக்கும் இதே வழிதான்.

உள்மரை கீறிவிட்டால் கொஞ்சம் சிரமம். விரிசலைச் சுற்றி வெளிப்பக்கம் ஒரு எஸ்.எஸ். கிளிப் போட்டு இறுக்கினால் மூழ்கிய பம்ப்பில் சில காலம் ஓடும். எம்-சீல் எல்லா பிளாஸ்டிக்கிலும் ஒட்டாது. மெழுகு போல வழுக்கும் பாலிபுரோப்பிலீனில் காய்ந்ததும் தகடாக உரிந்து வரும்.

ஹோஸ் பருமன் பற்றி ஒரு கணக்கு

மரை கிடைக்கவில்லை என்று கையில் இருக்கும் அரை இன்ச், முக்கால் இன்ச் ரெடியூசரை (பருமன் மாற்றும் ஃபிட்டிங்) போட்டு முடிப்பதுண்டு. குளத்துப் பம்ப்புக்கு அது கழுத்தைப் பிடிப்பது மாதிரி. மணிக்கு 3000 லிட்டர் ஓட வேண்டுமென்றால், 5 மீட்டர் நீளத்துக்கு 20 மி.மீ. ஹோஸில் உராய்வு மட்டும் ஏறக்குறைய 2 மீட்டர் உயரத்தை விழுங்கும். 25 மி.மீ.யில் அது 65 செ.மீ. அளவு, 32 மி.மீ.யில் 20 செ.மீ. மொத்தமே 3 மீட்டர் தூக்கும் பம்ப்பில் 2 மீட்டரை ஹோஸுக்குக் கொடுத்துவிட்டு ஒன்றரை மீட்டர் மேலே அந்த அளவு தண்ணீரை எதிர்பார்க்க முடியாது. ரெடியூசர் போட்டே ஆக வேண்டுமென்றால் பம்ப்பின் வாயிலிருந்து பெரிதாக்கிக் கொண்டு போங்கள், சிறிதாக்காதீர்கள்.

வெளியே நிற்கும் மோனோபிளாக் என்றால்

மோட்டாரும் பம்ப்பும் ஒன்றாக இருக்கும், கரையில் வைத்து ஓட்டும் மோனோபிளாக் பம்ப்பில் மேலே சொன்ன சலுகை எதுவும் கிடையாது. நம்மூர் மோனோபிளாக்குகளில் 25×25 என்று போட்டிருந்தால் உறிஞ்சும் வாயும் தள்ளும் வாயும் ஒரு இன்ச் என்று பொருள், மரை பி.எஸ்.பி. தள்ளும் பக்கம் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், சொட்டும். உறிஞ்சும் பக்கம் கசிந்தால் தண்ணீர் வெளியே வராது, காற்று உள்ளே போகும். பம்ப் இரைச்சல் போடும், பிரைம் (ஓட்டத் தொடங்க உள்ளே நிரப்பிய தண்ணீர்) நிற்காது, தண்ணீர் நுரைத்துக்கொண்டு வரும். அழுத்தத்தில் கரைந்த காற்று மீனின் செவுளிலும் ரத்தக் குழாயிலும் குமிழாகி மீனைக் கொல்லவும் செய்யும். அந்தப் பக்கம் சாய்வு மரை, ஒழுங்கான டேப், சரியான இனம் மூன்றும் வேண்டும். வார்ப்பிரும்பு வாயில் வெறும் பிளாஸ்டிக் எம்.டி.ஏ.வை (வெளிமரை அடாப்டர்) இறுக்கினால் பம்ப்பின் சூட்டில் இளகி உட்காரும், எஸ்.எஸ். நிப்பிள் போட்டு அதன்மேல் எஃப்.டி.ஏ. திருகுங்கள். எக்காரணம் கொண்டும் ஓட்டத்தைக் குறைக்க உறிஞ்சும் பக்கத்தில் வால்வை மூடாதீர்கள்.

பித்தளை ஃபிட்டிங் எளிதாகக் கிடைக்கும், மரையும் துல்லியமாக இருக்கும். வீட்டுக் குழாய்க்கு நல்லது. மீன் குளத்துக்கு, அதுவும் சில நூறு லிட்டர் தொட்டிக்கு, யோசிக்க வேண்டும். பித்தளையில் உள்ள செம்பு மென்தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். இறாலும் நத்தையும் முதலில் சாகும். ஜி.ஐ.யின் துத்தநாகமும் மீனுக்கு நஞ்சுதான். பிளாஸ்டிக், இல்லையென்றால் எஸ்.எஸ். 304.

ஓடவிட்டுப் பார்ப்பது

தண்ணீருக்குள் கை விடும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்) இல்லையென்றால் பைப் வேலைக்கு முன் அதைப் போடுங்கள். பம்ப்பை வயரைப் பிடித்துத் தூக்க வேண்டாம். வயர் உள்ளே நுழையும் இடத்தில் சீல் விட்டுப்போகும்.

எல்லாம் இணைத்ததும் நீர்மட்டத்துக்கு மேலே உள்ள ஒவ்வொரு மூட்டையும் உலர்ந்த டிஷ்யூ காகிதத்தால் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவு காகிதத்தில் தெரியும். அரைமணி நேரம் ஓடியபின் மறுபடி தொடுங்கள்; சூட்டில் ஹோஸ் இளகியதும் கிளிப்புக்கு இன்னும் அரைச் சுற்று தேவைப்படும். பிறகு ஃபில்டரில் விழும் இடத்தில் 20 லிட்டர் பக்கெட்டைப் பிடித்து, நிரம்ப எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். 72,000ஐ அந்த விநாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வரும். 24 விநாடி என்றால் 3000. முதல் நாள் எண்ணைச் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அது 35, 40 என்று ஏறும்போது மரையைச் சந்தேகப்பட வேண்டாம், பம்ப்பின் ஸ்பாஞ்சைக் கழுவுங்கள்.